நிலைத்தன்மைத் துறையில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு தொழில்முறைக் குழுமம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்பன் கணக்கு, எரிசக்தித் தணிக்கை, தண்ணீர், கழிவு, சப்ளையர் சரிபார்ப்பு, ஆண்டறிக்கையில் வரும் இஎஸ்ஜி (சூழல், சமூகம், நிர்வாகம்) பக்கங்கள் என்று ஏதோ ஒரு முனையில் நிலைத்தன்மை வேலை பார்க்கிறவர்கள், தங்களைப் போன்றவர்களைச் சேர்த்து ஒரு குழுமம் தொடங்க நினைக்கும்போது வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் இவை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

மாநாடுகள், பயிற்சி வகுப்புகள், கருத்தரங்குகள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றனவே, தனியாக ஒரு குழுமம் எதற்கு?

கணக்குப் பிரிவில் இருப்பவருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் கேட்கலாம். நிலைத்தன்மை வேலையில் அந்தப் பக்கத்து மேசை பெரும்பாலும் காலி. பல நிறுவனங்களில் ஒரே ஒருவர்தான் மொத்தத் துறையும். மேலே இருப்பவருக்கு இந்த வேலையின் உள்விவரம் தெரியாது, கீழே யாரும் கிடையாது. அவர் போட்ட கணக்கைச் சரிபார்க்கவோ, "இந்த அனுமானம் தாங்காது, வேறு வழி பாருங்கள்" என்று சொல்லவோ ஆள் இல்லை.

இதற்கு நடுவே தரநிலைகள் வேறு மாறிக்கொண்டே இருக்கின்றன. நிறுவனங்களின் பசுங்குடில் வாயு உமிழ்வைக் கணக்கிடும் முறையைச் சொல்கிற ஜிஎச்ஜி புரோட்டோகாலின் நிறுவனத் தரநிலை 2001-இல் வந்தது, 2004-இல் திருத்தப்பட்டது. நிறுவனத்துக்கு வெளியே சப்ளையர் முதல் வாடிக்கையாளர் வரை பரவிக் கிடக்கிற ஸ்கோப் 3 உமிழ்வை 15 வகைகளாகப் பிரித்த தரநிலை 2011-இல் வந்தது. வாங்கிய மின்சாரத்தை இரண்டு விதமாகக் கணக்கிடச் சொன்ன ஸ்கோப் 2 வழிகாட்டி 2015-இல். காலநிலை சார்ந்த நிதி அபாயங்களை வெளியிட டிசிஎஃப்டி குழு 2017-இல் பரிந்துரைகள் தந்தது. அதை எல்லாரும் ஓரளவு பழகி முடித்த நேரத்தில், 2023-இல், அந்தப் பரிந்துரைகளை உள்வாங்கிக்கொண்டு சர்வதேச நிலைத்தன்மைத் தரநிலை வாரியமான ஐஎஸ்எஸ்பி-யின் எஸ்1, எஸ்2 தரநிலைகள் வந்தன, டிசிஎஃப்டி கலைக்கப்பட்டது. இத்தனையையும் ஒவ்வொருவரும் தனித்தனியாக, ராத்திரி உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாநாட்டு மேடையில் வருவது முடிந்த கதை. எவ்வளவு குறைத்தோம், என்ன விருது வாங்கினோம் என்று சொல்வார்கள். அதிலே தப்பில்லை. ஆனால் நமக்குத் தேவைப்படுவது முடியாத வேலை: பாதி நிரப்பிய அட்டவணை, சப்ளையர் பதில் அனுப்பாத ஆறு வரிசைகள், எந்த உமிழ்வுக் காரணியை (ஒரு யூனிட் மின்சாரத்துக்கோ ஒரு லிட்டர் எரிபொருளுக்கோ எவ்வளவு உமிழ்வு என்ற எண்ணை) போடுவது என்று தெரியாமல் மஞ்சள் அடித்து வைத்த கட்டங்கள். அதை மேடையில் யாரும் காட்டமாட்டார்கள். பக்கத்து மேசைக்காரரிடம்தான் காட்டுவார்கள். அந்த இடத்தை நிரப்பத்தான் குழுமம். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகிற மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

யாரையெல்லாம் சேர்க்கலாம்? பதவிப் பெயரில் 'நிலைத்தன்மை' என்று இருக்க வேண்டுமா?

வேண்டாம். பதவிப் பெயரை வைத்துச் சேர்த்தால் உண்மையில் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள். பாய்லருக்கு எந்த எரிபொருள் என்று முடிவு செய்கிற பொறியாளர், கொள்முதல் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்க்கவோ நீக்கவோ முடிகிறவர், கட்டடத்தின் குளிரூட்டிகளைப் பராமரிக்கிறவர், கழிவை எடை போட்டுப் பதிவேட்டில் எழுதுகிறவர். இவர்கள் யாருடைய அட்டையிலும் அந்தச் சொல் இருக்காது, ஆனால் உமிழ்வு கூடுவதும் குறைவதும் இவர்கள் கையில்தான்.

ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "இந்த மாதம் நீங்கள் கணக்கிட வேண்டியதோ முடிவெடுக்க வேண்டியதோ ஏதாவது இருக்கிறதா?" இருக்கிறது என்றால் அவர் நம் ஆள். ஆர்வம் மட்டும் இருக்கிறவர்களையும் மதிக்கிறேன், அவர்களுக்குப் பொதுக்கூட்டங்கள் நடத்தலாம். ஆனால் வேலைச் சிக்கலைத் திறந்து வைக்கிற அறையில் எல்லார் கையிலும் ஒரு சிக்கல் இருக்க வேண்டும். வேடிக்கை பார்க்க ஒருவர் வந்தால்கூட மற்றவர்கள் பேச்சைச் சுருக்கிக்கொள்வார்கள்.

மாணவர்களைப் பற்றியும் கேட்கிறார்கள். தாராளமாக. குறிப்பு எடுப்பது, தரவு தேடுவது, பழைய சந்திப்புகளின் விடைகளை ஒழுங்குபடுத்துவது என்று உண்மையான ஒரு வேலையைக் கொடுத்து உட்கார வையுங்கள். ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991-இல் தையல்காரர்கள், மருத்துவச்சிகள் போன்றவர்கள் தொழில் கற்கும் விதத்தை ஆராய்ந்து சொன்னது இதைத்தான்: புதியவர் ஓரத்தில் நின்று, சின்னதானாலும் உண்மையான வேலை செய்து, கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வருகிறார். 'நடைமுறைச் சமூகம்' என்ற கருத்து அங்கிருந்து வந்ததுதான்.

எத்தனை பேரோடு தொடங்குவது?

எட்டிலிருந்து பன்னிரண்டு. அதற்கு மேல் போனால் இரண்டு மணி நேரத்தில் எல்லாருக்கும் பேச வாய்ப்பு வராது. பேசாமல் திரும்பிப் போகிறவர் மூன்றாவது முறை வரமாட்டார்.

ஆனால் வெளிவட்டம் பெரிதாக இருக்கட்டும். மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, வேலை பற்றிய புதிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது பார்க்கிற அறிமுகங்கள் வழியாகவே அதிகம் வருகிறது என்று காட்டியது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்ததுதானே நமக்கும் தெரிந்திருக்கும். அதனால் மாதாமாதம் உட்கார்ந்து வேலை பார்க்கிற சின்ன உள்வட்டம் ஒன்று, வருடத்தில் சில தடவை கூடுகிற பெரிய வட்டம் ஒன்று என்று இரண்டும் வேண்டும். பெரிய வட்டத்தை மட்டும் வளர்த்துவிட்டு உள்வட்டம் தானாக உருவாகும் என்று காத்திருந்தால் உருவாகாது.

முதல் சந்திப்பில் என்ன செய்வது?

நோக்க அறிக்கை, சின்னம், பெயர், தலைவர் தேர்வு இதெல்லாம் வேண்டாம். ஒரு கணக்கை எடுத்து மேசையில் வையுங்கள்.

மீத்தேனை எடுத்துக்கொள்ளலாம். நூறு ஆண்டுக் காலத்துக்குக் கணக்கிட்டால் ஒரு டன் மீத்தேன் எத்தனை டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்? ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி-யின் நான்காம் மதிப்பீட்டு அறிக்கையில் 25. ஐந்தாவதில் 28. ஆறாவதில் புதைபடிவ மூலத்திலிருந்து வந்த மீத்தேனுக்கு 29.8, மற்றதற்கு சுமார் 27. நூறு டன் புதைபடிவ மீத்தேன் கசிந்திருந்தால் ஒருவர் 2,500 டன் என்று எழுதுவார், இன்னொருவர் 2,800, மற்றொருவர் 2,980. மூவரும் ஒரே சப்ளைச் சங்கிலியில் இருந்து, ஒருவர் கணக்கை இன்னொருவர் அப்படியே கூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வந்திருக்கிற ஒவ்வொருவரும் தங்கள் அட்டவணையில் எந்த மதிப்பு இருக்கிறது, அதை யார் போட்டது, ஏன் என்று சொல்லட்டும். பாதிப் பேருக்கு "எனக்கு முன்னால் இருந்தவர் போட்டது" என்பதுதான் பதிலாக இருக்கும். இந்த ஒரு மணி நேரத்திலேயே அறைக்குள் ஒரு நெருக்கம் வந்துவிடும், எந்த அறிமுக விளையாட்டும் தேவைப்படாது.

குளிரூட்டி வாயுவும் நல்ல தொடக்கம். ஆர்-410ஏ என்ற கலவைக்கு நான்காம் அறிக்கையின் மதிப்புகளை வைத்தால், ஒரு கிலோ 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அதாவது பத்து கிலோ கசிந்தால் ஏறக்குறைய 21 டன் கார்பன் டை ஆக்சைடு. எவ்வளவு கசிந்தது என்பதைப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர் நிரப்பிய அளவிலிருந்து எடுக்கிறீர்களா, சராசரிக் கசிவு விகிதத்தை வைத்து ஊகிக்கிறீர்களா? ஒப்பந்தக்காரரின் ரசீதில் கிலோ எழுதியிருக்கிறதா, 'கேஸ் நிரப்பியது' என்று மட்டும் இருக்கிறதா? இப்படிக் கேட்கிற இடத்தில் பராமரிப்புப் பொறியாளர்தான் நாயகன், அறிக்கை எழுதுகிறவர் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். அது நல்லது.

சந்திப்பு முடியும்போது ஒரு பக்கக் குறிப்பு எழுதி வையுங்கள். என்ன கேள்வி, என்னென்ன வழிகள் பேசப்பட்டன, எதை எந்தச் சூழலில் பயன்படுத்தலாம். அவ்வளவுதான். இப்படிப் பத்துக் குறிப்புகள் சேர்ந்துவிட்டால், அப்புறம் வருகிற புதியவருக்கு உங்கள் குழுமம் என்ன என்று விளக்கவே வேண்டியதில்லை.

அலுவலக விவரங்களை வெளியே பேச முடியாதே?

நியாயமான பயம். உலகமெங்கும் பயன்படுகிற ஒரு தீர்வு, லண்டனில் உள்ள ஆய்வு நிறுவனமான சாத்தம் ஹவுஸின் விதி. 1927-இல் உருவானது, 1992-லும் 2002-லும் தெளிவுபடுத்தப்பட்டது. கேட்ட தகவலைப் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் சொன்னவர் யார், எந்த நிறுவனம், கூட்டத்தில் வேறு யார் இருந்தார்கள் என்பதை வெளிப்படுத்தக் கூடாது.

இது மட்டும் போதாது என்பது என் கருத்து. சின்னத் துறைகளில் "ஒரு சிமென்ட் ஆலையில் இப்படி நடந்ததாம்" என்றாலே யாரென்று தெரிந்துவிடும். அதனால் இன்னும் இரண்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முதலாவது, அட்டவணையைக் கொண்டு வருகிறவர் எண்களை மாற்றியோ ஒரு காரணியால் பெருக்கியோ கொண்டு வரட்டும், முறைதான் முக்கியம், எண் முக்கியமல்ல. இரண்டாவது, கோப்புகளைக் கைமாற்றாதீர்கள். திரையில் காட்டுங்கள், பேசுங்கள், மூடுங்கள். எழுத்தில் வெளியே போவது குழுமத்தின் ஒரு பக்கக் குறிப்பு மட்டும், அதையும் அன்று சிக்கலைக் கொண்டுவந்தவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு.

வேலை ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு நிபந்தனை இருப்பவர்கள் அதை ஒருமுறை படித்துவிட்டு வரட்டும். முடிந்தால் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டே வரட்டும். ஒளித்து வருகிறவர் நிம்மதியாகப் பேசமாட்டார்.

போட்டி நிறுவனக்காரர்கள் ஒரே அறையில் உட்காரலாமா?

உட்காரலாம். எதைப் பேசுகிறீர்கள் என்பதில்தான் விஷயம். பல நாடுகளில் போட்டிச் சட்டம் இதைக் கவனிக்கிறது, நல்ல நோக்கம் என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. ஐ.நா. ஆதரவோடு 2021-இல் தொடங்கிய நெட் ஜீரோ (நிகர உமிழ்வைச் சுழியமாக்கும்) காப்பீட்டுக் கூட்டணியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்திருந்தன. 2023-இல் போட்டிச் சட்ட அபாயத்தைக் காரணம் காட்டியும் அரசியல் அழுத்தத்தின் நடுவிலும் ஒவ்வொன்றாக விலகின, 2024-இல் அது முடித்துக்கொள்ளப்பட்டது. அவ்வளவு பெரிய அமைப்புக்கே அந்தச் சிக்கல் வந்தது. மறுபக்கம், ஐரோப்பிய ஆணையம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் நிலைத்தன்மை ஒப்பந்தங்களுக்கென்றே தனி அத்தியாயம் சேர்த்தது. ஆக, கதவு முழுக்க மூடியில்லை.

நடைமுறையில் எல்லை இப்படிப் போகிறது. பொதுவில் இருக்கிற தரநிலையைப் புரிந்துகொள்வது, கணக்கு முறை, தொழில்நுட்பம், பொதுத் தரவு இவற்றைப் பேசலாம். விலை, வரப்போகிற விலை மாற்றம், எவ்வளவு வாங்குகிறோம், எந்த ஒப்பந்தத்துக்கு எவ்வளவு கேட்கப்போகிறோம், "நாம் எல்லாரும் சேர்ந்து இந்தச் சப்ளையரிடம் வாங்குவதை நிறுத்துவோம்" இவை எல்லாம் கூடாது. நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள், பேச்சு எல்லை தாண்டினால் நிறுத்துவதற்கென்று ஒருவரை முன்னாலேயே நியமியுங்கள். ஒரு துறையின் முக்கியப் போட்டியாளர்கள் மட்டுமே கூடுகிற குழுமம் என்றால், முதல் சந்திப்புக்கு முன்னால் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். வெவ்வேறு துறைக்காரர்கள் கலந்திருந்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் குறைவு. கற்றுக்கொள்வதும் அதில்தான் அதிகம்.

ஆலோசகர்களும் மென்பொருள் விற்பவர்களும் வந்து சேர்கிறார்களே, என்ன செய்வது?

ஆலோசகர்களை மொத்தமாக ஒதுக்குவது இழப்பு. ஒருவரே பல நிறுவனங்களின் கணக்கைப் பார்த்திருப்பார், அந்த அனுபவம் வேறு யாரிடமும் கிடைக்காது. ஆனால் அறையில் வாடிக்கையாளர் ஆகக்கூடியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு அது தொழில் வாய்ப்பாகத் தெரிவதும் இயல்பு. எளிய விதி: விற்கிறவர்கள் மொத்தத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், அறையில் விற்பனைப் பேச்சு வேண்டாம், கூட்டத்துக்குப் பிறகு உறுப்பினர்களைத் தேடிப்போய்த் தொடர்பு கொள்ள வேண்டாம். உறுப்பினராகக் கேட்டால் அது வேறு.

மென்பொருள் விற்பவர் ஒருவர் செய்முறை காட்ட விரும்பினால், அன்று குழுமம் வைத்திருக்கிற ஒரு கடினமான மாதிரித் தரவை அவரிடம் கொடுத்து அதை எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அவர் கொண்டுவரும் தயார்த் தரவில் எல்லாமே அழகாகத்தான் ஓடும்.

பணத்துக்கு என்ன வழி?

ஆரம்பத்தில் பணமே தேவைப்படாதபடி நடத்துங்கள். ஒவ்வொரு முறையும் ஒருவருடைய அலுவலகக் கூட்ட அறை. பெரிய வட்டம் கூடும்போது செலவைப் பகிர்ந்துகொள்ளலாம், சிறிய ஆண்டுச் சந்தா வைக்கலாம். நிதி ஆதரவு வாங்கினால், ஒரே இடத்திலிருந்து பாதிக்கு மேல் வாங்காதீர்கள். யார் கொடுத்தார்கள் என்பதை எல்லாருக்கும் சொல்லுங்கள். கொடுத்தவருக்கு நிகழ்ச்சி நிரலில் இடம் கிடையாது என்பதை எழுத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். உமிழ்வு அதிகமான நிறுவனத்தின் பணத்தில் நடக்கிற குழுமத்தில் அந்த நிறுவனத்தின் அறிக்கையை எப்படி நேர்மையாகப் பேசுவீர்கள்?

சங்கமாகப் பதிவு செய்ய வேண்டுமா?

வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், சம்பள ஆள் இவற்றில் ஒன்று தேவைப்படும் வரை வேண்டாம்.

சான்றிதழ் கொடுத்தால் நிறையப் பேர் சேர்வார்களே?

சேர்வார்கள், சான்றிதழுக்காக. சூழல் மேலாண்மைக்கு ஐஎஸ்ஓ 14001 1996-லிருந்தே இருக்கிறது, அதைத் தணிக்கை செய்கிறவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் உண்டு. வாழ்க்கைச் சுழற்சி ஆய்வுக்கு 14040 வரிசை. நிலைத்தன்மை அறிக்கைக்கான தரநிலைகளை வெளியிடுகிற ஜிஆர்ஐ அமைப்பு அவற்றுக்குத் தானே பயிற்சி நடத்துகிறது. இன்னொரு தாளை அச்சடிப்பதால் யாருக்கும் வேலை தெரிந்துவிடாது. அதற்குப் பதில், இந்தத் தேர்வுகளில் ஒன்றுக்குப் படிக்கிற உறுப்பினர்கள் நாலு பேர் இருந்தால் சேர்ந்து படிக்க ஒரு சின்னப் படிப்பு வட்டம் போடுங்கள். பரீட்சை முடிந்ததும் கலைத்துவிடலாம்.

பெரிய நிறுவன ஆட்களே பேசுகிறார்கள், சின்ன நிறுவனத்தவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

இது அடிக்கடி நடக்கும், இதைத் தானாகச் சரியாகும் என்று விட்டுவிடக் கூடாது. நிலைத்தன்மை வேலையின் பாரம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பெரிய நிறுவனம் ஒன்று ஸ்கோப் 3 கணக்கு போட வேண்டுமென்றால் தன் சப்ளையர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்புகிறது. அதேபோல் இன்னொரு பெரிய நிறுவனமும் அனுப்புகிறது. சின்ன ஆலை வைத்திருப்பவருக்கு ஒரே மாதிரியான, ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்தாத கேள்வித்தாள்கள் வந்து குவிகின்றன. ஒன்றில் நிதியாண்டு, இன்னொன்றில் காலண்டர் ஆண்டு. ஒன்றில் மின்சாரம் யூனிட்டில், இன்னொன்றில் ஜிகாஜூலில். நிரப்புவதற்குத் தனி ஆள் வைக்க அவரால் முடியாது. அதனால் ஏதோ ஒரு எண்ணை எழுதி அனுப்பிவிடுகிறார். அந்த எண் பெரிய நிறுவனத்தின் பளபளப்பான அறிக்கையில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

கேள்வித்தாள் அனுப்புகிறவரும் நிரப்புகிறவரும் ஒரே மேசையில் உட்காருவது வேறு எங்கேயும் அவ்வளவு எளிதாக நடக்காது, குழுமத்தில் நடக்கும். அதனால் ஒரு சந்திப்பை முழுக்கச் சின்ன நிறுவனக்காரரிடம் ஒப்படையுங்கள். தனக்கு வந்த கேள்வித்தாள்களைத் தலைப்பை மறைத்துவிட்டு வரிசையாக வைக்கட்டும், ஒவ்வொரு கேள்விக்கும் உண்மையில் எப்படிப் பதில் தயாராகிறது என்று சொல்லட்டும். கேட்கிற பெரிய நிறுவனத்தவர்கள் அன்றே தங்கள் கேள்வித்தாளில் பாதியை வெட்டிவிடத் தோன்றும். மின் ரசீது, எரிபொருள் ரசீது, உற்பத்தி அளவு என்று எந்த மூன்று நான்கு தரவு இருந்தால் மற்றதை வாங்குகிறவரே கணக்கிட்டுக்கொள்ளலாம் என்று சேர்ந்து ஒரு பட்டியல் போடுங்கள். என் மதிப்பீட்டில் ஒரு குழுமம் செய்யக்கூடிய ஆகப் பயனுள்ள வேலைகளில் இது ஒன்று.

பேசும் மொழியையும் கவனியுங்கள். சுருக்கெழுத்துப் பெயர்களாகக் கொட்டிப் பேசுகிறவரை நிறுத்தி, அது என்ன என்று கேட்கிற உரிமை எல்லாருக்கும் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உண்மையில் கேட்பதற்குக் கூச்சப்படுகிறவர்கள் பெரிய நிறுவனத்திலும் நிறைய இருக்கிறார்கள்.

உறுப்பினர்களுக்குள் கடுமையான கருத்து வேறுபாடு வந்தால்?

வரும். கார்பன் வரவை (வேறு யாரோ வேறு இடத்தில் குறைத்த உமிழ்வுக்கான சான்றை) வாங்கி உமிழ்வை ஈடுகட்டுவது சரியா என்று கேட்டாலே அறை இரண்டாகும். 2024 ஏப்ரலில், நிறுவனங்களின் உமிழ்வு இலக்குகளைச் சரிபார்க்கிற எஸ்பிடிஐ அமைப்பின் நிர்வாகக் குழு, ஸ்கோப் 3-க்கு அத்தகைய சான்றுகளைப் பயன்படுத்த இடம் தரப்போவதாக ஓர் அறிக்கை விட்டபோது அதன் ஊழியர்களே வெளிப்படையாக எதிர்த்தார்கள். இந்த வேலையையே முழுநேரமாகச் செய்கிற இடத்திலேயே நிலைமை அப்படியென்றால் உங்கள் அறையில் ஒருமித்த கருத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். அதற்குப் பதில் கேள்வியைப் பிரியுங்கள். எது அளந்து பார்க்கக்கூடிய கேள்வி, எது மதிப்பீடு சார்ந்தது? ஒரு காட்டுத் திட்டம் இல்லாமல் இருந்திருந்தாலும் அந்தக் காடு நின்றிருக்குமா என்பது முதல் வகை, ஆதாரத்தை வைத்துப் பேசலாம். வளர்ந்த நிறுவனம் பணம் கொடுத்துத் தன் பொறுப்பை வேறு இடத்துக்குத் தள்ளலாமா என்பது இரண்டாவது வகை, அங்கே இருவரும் நியாயமானவர்களாக இருந்தும் வேறுபடலாம். குறிப்பில் இரண்டையும் எழுதுங்கள், யார் வென்றார் என்று எழுத வேண்டாம். 1987-இல் ஐ.நா.வின் புருன்ட்லாண்ட் ஆணையம், நிலைத்த வளர்ச்சி என்பது வருங்காலத் தலைமுறையின் தேவைகளைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளைப் பூர்த்தி செய்வது என்று சொன்னதிலிருந்தே 'தேவை' எது என்ற சண்டை ஓயவில்லை. அது ஓயாமல் இருப்பது துறைக்கு நல்லதுதான்.

எண்ணை மாற்றிக் காட்டச் சொல்லி அலுவலகத்தில் அழுத்தம் வந்தால் குழுமம் என்ன செய்ய முடியும்?

இந்தக் கேள்வியைப் பொதுவில் கேட்பவர்கள் குறைவு. தனியே அழைத்துக் கேட்பவர்கள் அதிகம். பச்சைப் பூச்சு என்று நாம் சொல்கிற ஏமாற்று வேலைக்கு 1986-இல் ஜே வெஸ்டர்வெல்ட் பெயர் வைத்தது, துண்டைத் திரும்பப் பயன்படுத்தச் சொன்ன விடுதிகளைப் பார்த்து. இன்று அது இன்னும் நுணுக்கமாக, அட்டவணைக்குள்ளேயே நடக்கிறது. உதாரணமாக, ஆலைக்குள் இருக்கிற பாய்லரை ஒரு ஒப்பந்தக்காரருக்குக் கைமாற்றிவிட்டு நீராவியை அவரிடம் வாங்குவதாகக் காட்டினால், அதே புகை அதே புகைபோக்கியில் போய்க்கொண்டிருக்க, ஸ்கோப் 1 எண் (நிறுவனம் தானே வெளியிடுகிற உமிழ்வு) மட்டும் விழுந்துவிடும், ஸ்கோப் 2 (வாங்கிய மின்சாரம், நீராவி) ஏறும். "ஸ்கோப் 1-ஐ இவ்வளவு குறைத்தோம்" என்ற வாக்கியம் எழுத்தளவில் பொய் இல்லை. அதை எழுதச் சொல்லப்படுகிறவர் தனியாக இருக்கிறார், தனியாக இருப்பவரால் "முடியாது" என்று சொல்வது கடினம்.

குழுமம் அவருக்காகச் சண்டை போடாது, சட்ட ஆலோசனையும் தராது. ஆனால் மூன்று விஷயம் தரலாம். தரநிலையின் எந்தப் பகுதி இதைப் பேசுகிறது என்பதைக் காட்டலாம். இந்த உதாரணத்தில் அது அடிப்படை ஆண்டைத் (ஒப்பிடுவதற்காக வைத்திருக்கிற பழைய ஆண்டை) திருத்திக் கணக்கிடும் பகுதி: வாங்கிய நீராவி ஸ்கோப் 2-இல் வந்துவிடுவதால் மொத்தக் கணக்குக்குப் பழைய எண்ணைத் திருத்த வேண்டியதில்லை, ஆனால் ஒவ்வொரு ஸ்கோப்பையும் தனி அடிப்படை ஆண்டோடு ஒப்பிட்டால் பழைய ஆண்டின் எண்ணையும் அதே மாதிரி மாற்ற வேண்டும், அப்போதுதான் ஒப்பீடு நிற்கும். இரண்டாவது, நிர்வாகத்திடம் எப்படி எழுத்தில் கேட்பது என்பதைச் சேர்ந்து எழுதிப் பார்க்கலாம்: "இந்தக் குறைப்பு உரிமை மாற்றத்தால் வந்தது என்று அடிக்குறிப்பு போடலாமா, தணிக்கையாளர் கேட்டால் இதுதான் பதிலா?" குற்றம் சாட்டாத, ஆனால் பதிவாகிற கேள்வி. மூன்றாவது, இதே நிலையில் இருந்து வந்தவர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்பது. இதை நான் லேசாகச் சொல்லவில்லை. இந்தத் துறையில் நல்லவர்கள் விலகிப் போவதற்கு வேலைப் பளுவைவிட இந்தத் தனிமைதான் பெரிய காரணம் என்று நம்புகிறேன்.

ஒரு எச்சரிக்கை: சட்ட மீறல் என்று தோன்றுகிற விஷயத்தைக் குழும அறையில் விரிவாகப் பேச விடாதீர்கள். சம்பந்தப்பட்டவர் முதலில் வழக்கறிஞரைப் பார்க்கட்டும்.

அரசுக் கொள்கைகள் பற்றிக் குழுமம் கருத்துச் சொல்லலாமா?

தொழில்நுட்பக் கருத்து என்றால் கட்டாயம் சொல்லுங்கள். எஸ்1, எஸ்2 வரைவுகளை 2022-இல் கருத்துக்கு விட்டபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன, வரைவில் மாற்றங்களும் வந்தன. இப்படிப்பட்ட வாய்ப்புகளில் பெரும்பாலும் எழுதுகிறவர்கள் பெரிய நிறுவனங்களும் தணிக்கை நிறுவனங்களும்தான். அட்டவணையைக் கையால் நிரப்புகிறவர்கள் எழுதுவது அரிது. "இந்தத் தரவை இந்தத் தேதிக்குள் தர முடியாது, ஏனென்றால் மீட்டர் அந்த இடத்தில் இல்லை" என்ற ஒரு வரிக்கு அங்கே மதிப்பு உண்டு. உறுப்பினர்கள் தங்கள் சொந்தப் பெயரில், நிறுவனப் பெயர் இல்லாமல் கையெழுத்திடட்டும். பிரச்சார அறிக்கைகளில் குழுமத்தின் பெயரைப் போடாதீர்கள், விருப்பமுள்ளவர்கள் தனிப்பட்ட முறையில் போய்ச் சேரலாம்.

விதியை மீறுகிறவரை எப்படிக் கையாள்வது?

எலினோர் ஆஸ்ட்ரம், 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பெற்றவர், மீன்பிடி இடங்கள், பாசன வாய்க்கால்கள், மேய்ச்சல் நிலங்கள் போன்ற பொதுச் சொத்தை மக்கள் தாங்களே நீண்ட காலம் காப்பாற்றிய இடங்களை ஆராய்ந்தார். அங்கெல்லாம் விதியால் பாதிக்கப்படுகிறவர்களுக்கே விதியை மாற்றுகிற உரிமை இருந்தது, தண்டனை சிறியதில் தொடங்கிப் படிப்படியாகக் கூடியது. நம்பிக்கையும் ஒரு பொதுச் சொத்துதான். முதல் தடவை தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். இரண்டாவது தடவை சில சந்திப்புகளுக்கு விலகி இருக்கச் சொல்லுங்கள். மூன்றாவது தடவை வெளியே. ரகசியத்தை வேண்டுமென்றே வெளியே விட்டவருக்கு மட்டும் இந்தப் படிகள் கிடையாது.

பலர் வந்து பேசாமலே உட்கார்ந்திருக்கிறார்களே?

உள்வட்டத்தில் அப்படி இருந்தால் அது பிரச்சினை, வெளிவட்டத்தில் இயல்பு. உள்வட்டத்தில் பேசாதவரிடம் அடுத்த சந்திப்புக்கு முன்னால் போனில் பேசுங்கள், "உங்கள் அட்டவணையில் எந்தக் கட்டம் உறுத்துகிறது?" என்று கேளுங்கள். பொதுவாக ஒன்று இருக்கும். "அதையே அடுத்த முறை எடுத்துக்கொள்வோம்" என்றால் வருவார்.

குழுமம் நன்றாகப் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உறுப்பினர் எண்ணிக்கையை வைத்துத் தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: இங்கே கேட்டதால் உங்கள் வேலையில் எதை மாற்றினீர்கள்? ஒரு உமிழ்வுக் காரணியை மாற்றினேன், கேள்வித்தாளைப் பாதியாக்கினேன், அளவீட்டுக்கு ஒரு மீட்டர் வாங்க வைத்தேன், அறிக்கையில் ஒரு வாக்கியத்தை எடுக்கச் சொன்னேன். இப்படிப் பதில்கள் வந்தால் நன்றாகப் போகிறது. "நல்ல தொடர்புகள் கிடைத்தன" என்று மட்டும் எல்லாரும் சொன்னால், சந்திப்புகளில் வேலை குறைந்து பேச்சு கூடிவிட்டது என்று அர்த்தம், முதல் சந்திப்பு மாதிரி ஒரு கணக்கை எடுத்து வையுங்கள்.

தொடங்கியவரே விலக நேர்ந்தால்?

இந்தத் துறையில் ஆட்கள் அடிக்கடி வேலை மாறுகிறார்கள், அதனால் இதற்கு முதல் வருடத்திலேயே தயாராக இருங்கள். அழைப்பு அனுப்புவது, குறிப்பு எழுதுவது, நேரம் பார்த்து நடத்துவது என்று மூன்று வேலையையும் மூவரிடம் பிரித்துக் கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். உறுப்பினர் பட்டியலும் குறிப்புகளும் ஒருவருடைய அலுவலக மின்னஞ்சலில் இருக்க வேண்டாம், அவர் வேலையை விட்ட அன்று அது பூட்டப்பட்டுவிடும். பொதுவான ஒரு கணக்கில் வைத்து, கடவுச்சொல்லைக் குறைந்தது மூன்று பேரிடம் கொடுத்து வையுங்கள்.